பி.எஸ்சி. தாவரவியல், விலங்கியல் முதலாண்டு: லேபிலிருந்து படிக்கத் தொடங்குவது எப்படி?

பிளஸ் டூ உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட பி.எஸ்சி. முதல் செமஸ்டரில் திணறுவதுண்டு. பள்ளியில் பாடத்தின் பின்பக்கக் கேள்விகளைப் படித்தே பழகியிருப்பார்கள். இங்கே மேசைமீது ஒரு ஸ்லைடை வைத்து, "இது என்ன? எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்குக் கால் மதிப்பெண் என்றால் இரண்டாவதற்கு முக்கால். அதனால்தான் இந்தக் கட்டுரை பிராக்டிகலை முன்னே வைத்து, தியரியைப் பின்னால் வரவிடுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தாவரவியலோ விலங்கியலோ சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதியது. மைக்ரோபயாலஜி, பயோடெக் மாணவர்களுக்கும் முதலாண்டு வரை பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வாரம்

நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தை இறக்கிக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியின் தளத்தில் இருக்கும். இல்லையென்றால் பல்கலைக்கழகத் தளத்தில். சீனியர் தரும் ஜெராக்ஸை நம்பவேண்டாம். அவருடைய பேட்ச்சுக்கு இருந்த தாள் உங்களுக்கு இல்லாமல் போயிருக்கலாம். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும் (துணைப்பாடம்) என்று வரிசையாக வரும். மேஜர் தாள்களை ஒட்டி பிராக்டிகல் பட்டியல் ஒன்று இருக்கும். அதை மட்டும் தனியாக அச்செடுத்து, ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிரே அது தியரியில் எந்தத் தாள், எந்த யூனிட் என்று பென்சிலால் குறியுங்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் எந்த வாரம் எதைப் படிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல அட்டவணை கிடையாது.

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வுக்கு உட்காருவதில் சிக்கல் வரும். பிராக்டிகல் வகுப்பைத் தவறவிட்டால் சிக்கல் இரட்டிப்பு: அந்தப் பயிற்சி உங்கள் ரெக்கார்டில் இருக்காது. பக்கத்து மாணவரைப் பார்த்து எழுதலாம்தான். ஆனால் தேர்வில் தாவரத்தின் மெல்லிய சீவலான அதே செக்‌ஷனை வெட்டச் சொன்னால் கை வராது.

அலைடு வேதியியலை அலட்சியம் செய்யாதீர்கள். "மேஜர்தானே முக்கியம்" என்று விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில் அந்த ஒரு அரியரை இழுத்துக்கொண்டு அலைபவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். நார்மாலிட்டி, மோலாரிட்டி, நீர்த்தல் கணக்கு மூன்றும் அங்கேதான் வருகின்றன. மூன்றும் உயிரியல் லேபிலும் வேண்டும்.

என்ன வாங்கவேண்டும்

கடையில் டிஸெக்‌ஷன் பாக்ஸ் என்று பெரிய செட்டாகத் தருவார்கள். அதில் பாதி பெட்டியிலேயே துருப்பிடிக்கும். 2014இல் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக்குழு) இளநிலை, முதுநிலை இரண்டிலும் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டதால் எலும்பு வெட்டும் கத்தரியெல்லாம் இப்போது யாருக்கும் தேவையில்லை. கூர்நுனி ஃபோர்செப்ஸ் ஒன்று, நீடில் இரண்டு, மிக மெல்லிய பிரஷ் ஒன்று, டிராப்பர், பத்துப் பன்னிரண்டு ஸ்லைடு, ஒரு டப்பா கவர் ஸ்லிப், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பழைய பருத்தித் துணி, வெள்ளைக் கோட்டு, எச்.பி. பென்சில். இவ்வளவு போதும்.

செக்‌ஷன் வெட்டுவதற்கு இருபக்கக் கூருள்ள ஷேவிங் பிளேடுதான் சிறந்தது. காகித உறையைப் பிரிக்காமலே நீளவாக்கில் மடக்கி ஒடித்து, பாதி பிளேடாகப் பயன்படுத்துங்கள். பத்துப் பதினைந்து செக்‌ஷனுக்குப் பிறகு கூர் போய்விடும். மழுங்கிய பிளேடு தண்டை வெட்டாது, நசுக்கும். தேர்வு நாளுக்குப் புதிய பிளேடு இரண்டு தனியாக வைத்திருங்கள்.

மைக்ராஸ்கோப்

ஐபீஸ் 10 மடங்கு. அப்ஜெக்டிவ் 4, 10, 40, சிலவற்றில் 100. இரண்டையும் பெருக்கினால் மொத்த உருப்பெருக்கம். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது வேறு சில விஷயங்கள்.

எப்போதும் 4 அல்லது 10 அப்ஜெக்டிவில் தொடங்குங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தபடி, அப்ஜெக்டிவ் ஸ்லைடை நெருங்கும்வரை பெரிய திருகைத் திருப்புங்கள். பிறகு ஐபீஸில் கண்ணை வைத்து, அப்ஜெக்டிவ் ஸ்லைடைவிட்டு விலகும் திசையில் மட்டும் திருப்பி ஃபோகஸ் தேடுங்கள். ஐபீஸில் பார்த்துக்கொண்டே நெருக்கினால் கவர் ஸ்லிப் உடையும். சில நேரம் லென்ஸிலும் கீறல் விழும். 10இல் தெளிவாகக் கிடைத்த பொருளை நடுவில் கொண்டுவந்து, திருகைத் தொடாமல் 40க்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு சிறிய திருகு மட்டும்தான்.

10இல் தெளிவாகத் தெரிகிறது, 40இல் எவ்வளவு திருகினாலும் கலங்கலாகவே இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்லைடு தலைகீழாக இருக்கிறது. 40 அப்ஜெக்டிவ் சுமார் 0.17 மி.மீ. தடிமனுள்ள கவர் ஸ்லிப் வழியாகப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அதற்கும் பொருளுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்லைடு வந்தால் அதனால் எட்டவே முடியாது. இரண்டு கவர் ஸ்லிப் ஒட்டிக்கொண்டு விழுந்திருந்தாலும், மவுண்டில் தண்ணீர் அதிகமாகி கவர் ஸ்லிப் மிதந்தாலும் இதே கோளாறுதான். இவை எதுவும் இல்லையென்றால், முந்தைய பேட்ச் 40 லென்ஸில் கிளிசரினையோ எண்ணெயையோ பூசிவிட்டுப் போயிருக்கும். லென்ஸ் பேப்பரால் துடையுங்கள், கைக்குட்டை வேண்டாம். எண்ணெய் 100 அப்ஜெக்டிவுக்கு மட்டுமே.

இரண்டாவது விஷயம் வெளிச்சம். கண்டென்சருக்குக் கீழே உள்ள டயாஃப்ரத்தை அகலத் திறந்துவிட்டு "ஒன்றுமே தெரியவில்லை" என்பவர்கள் அதிகம். கன்னத்தின் உள்தோல் செல், குளத்துநீரில் ஓடும் பாரமீசியம் போன்ற நிறமில்லாதவற்றுக்கு டயாஃப்ரத்தைச் சற்று மூடினால்தான் விளிம்பு தெரியும். சாயமேற்றிய ஸ்லைடுக்குத் திறக்கலாம். ஒரேயடியாக மூடினாலும் தவறு. கருமை கூடும், நுண்விவரம் போய்விடும். கண்ணாடி வைத்த பழைய மைக்ராஸ்கோப் என்றால், கண்டென்சர் இருக்கும்போது தட்டையான பக்கத்தையும், இல்லாதபோது குழிந்த பக்கத்தையும் பயன்படுத்துங்கள். நேர் வெயிலைக் கண்ணாடியில் ஒருபோதும் பிடிக்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து.

அளவு தெரியாமல் வரையக்கூடாது. ஐபீஸில் 18 என்று ஃபீல்டு எண் பொறித்திருந்தால் அதை அப்ஜெக்டிவ் எண்ணால் வகுங்கள். 10 அப்ஜெக்டிவில் நீங்கள் பார்க்கும் வட்டத்தின் விட்டம் 1.8 மி.மீ.; 40இல் 0.45 மி.மீ. அந்த 1.8 மி.மீ. வட்டத்தின் குறுக்கே ஆறு வெங்காயத்தோல் செல்கள் நீளவாக்கில் வரிசையாக நின்றால் ஒரு செல்லின் நீளம் சுமார் 300 மைக்ரோமீட்டர். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இந்த செல் எவ்வளவு பெரியது?" என்ற கேள்விக்கு வாயடைத்து நிற்காமல் இருக்க இந்த வகுத்தல் போதும். துல்லியமாக அளக்க மைக்ரோமீட்டர் பயிற்சி தனியாக வரும். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்பது அளவுகோல் பொறித்த ஸ்லைடு; அதன் ஒரு பிரிவின் நீளம் 10 மைக்ரோமீட்டர். அதன் எத்தனை பிரிவுகள் ஐபீஸ் அளவுகோலின் எத்தனை பிரிவுகளோடு சரியாகப் பொருந்துகின்றன என்று பார்த்து, முன்னதைப் பின்னதால் வகுத்து 10ஆல் பெருக்கவேண்டும். அப்ஜெக்டிவை மாற்றினால் மறுபடியும் அளக்கவேண்டும். 10க்குக் கண்டுபிடித்த மதிப்பை 40க்குப் போடுவதுதான் அந்தப் பயிற்சியில் வழக்கமான தவறு.

தண்டின் குறுக்குவெட்டு

தாவரவியல் பிராக்டிகலில் பாதி இதுதான். பழக எளிதான பொருள் கல்லூரி வளாகத்திலேயே முளைத்துக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டு. நுனியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது கணுவிடையை எடுங்கள். நுனிக்கு மிக அருகில் திசுக்கள் பிரிந்திருக்காது. அடியில் முற்றிப்போய் இரண்டாம்நிலை வளர்ச்சி தொடங்கியிருக்கும், புத்தகப் படத்தோடு பொருந்தாது.

தண்டை இடதுகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நிமிர்த்திப் பிடியுங்கள். கட்டைவிரல் சற்றுக் கீழே இருக்கட்டும். பிளேடு வழுக்கினால் அது தப்பிக்கும். பிளேடையும் தண்டின் மேல்முனையையும் தண்ணீரில் நனைத்து, கிடையாக வைத்து, உங்களை நோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். ரம்பம்போல் முன்னும் பின்னும் அறுத்தால் ஒவ்வொரு செக்‌ஷனும் ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். நிறுத்தாமல் இருபது முப்பது வெட்டி, எல்லாவற்றையும் வாட்ச் கிளாஸில் உள்ள தண்ணீரில் பிரஷால் தள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிந்து மிதப்பவைதான் உங்களுக்கு வேண்டியவை. முழு வட்டம் கிடைக்கவேண்டும் என்று தடித்த செக்‌ஷனை எடுக்காதீர்கள். மெலிதான கால்வட்டம் ஒன்று தடித்த முழுவட்டத்தைவிட மதிப்புள்ளது. மேல்தோலிலிருந்து நடுப்பகுதி வரை அதில் இருந்தால் போதும்.

1 சதவீத சஃப்ரனினில் இரண்டு மூன்று நிமிடம், பிறகு தண்ணீரில் அலசல். லிக்னின் ஏறிய சைலம் அடர்சிவப்பாகவும் மற்றவை வெளிறிய இளஞ்சிவப்பாகவும் நிற்கவேண்டும். எல்லாமே ஒரே சிவப்பு என்றால் சாயம் ஏறிவிட்டது. ஆல்கஹாலில் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு அதில் ஒருமுறை தோய்த்து எடுத்தால் குறையும். ஸ்லைடில் ஒரு சொட்டு நீர்த்த கிளிசரின், அதன்மேல் செக்‌ஷன். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பைத் துளியில் தொடவைத்து, மறு விளிம்பை நீடிலால் தாங்கி மெதுவாக இறக்குங்கள். கையால் "தொப்" என்று போட்டால் காற்றுக்குமிழ்தான் மிஞ்சும். கறுத்த தடித்த விளிம்போடு உருண்டையாகத் தெரியும் அந்தக் குமிழை செல் என்று நம்பி வரைந்து, நியூக்ளியஸ் என்று லேபிளும் போட்ட ரெக்கார்டுகள் எல்லாத் துறையிலும் உண்டு.

செல்கள் எல்லாம் ஒருபக்கம் நீண்டு தெரிந்தால் வெட்டு சாய்ந்திருக்கிறது. இலைக்கு உருளைக்கிழங்கையோ கேரட்டையோ பிளந்து, நடுவே இலைத் துண்டை வைத்துச் சேர்த்து வெட்டுங்கள். அரளி இலை வறட்சித் தகவமைப்புக்கு நல்ல பொருள்: அடிப்புறத்தில் குழிகளுக்குள் ரோமங்களோடு ஒளிந்திருக்கும் இலைத்துளைகள், பல அடுக்கு மேல்தோல். ஆனால் அரளி நச்சுச் செடி. வெட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள். பிந்தைய செமஸ்டர்களில் மூக்கிரட்டை, பவளமல்லி போன்ற இயல்புமாறிய தண்டுகள் வரும். அவற்றில் எது மாறியிருக்கிறது என்று புரிய, இயல்பான தண்டு கண்ணுக்குள் நிற்கவேண்டும். அதனால்தான் வெட்டுக்காயப் பூண்டை இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

வெங்காய வேர்நுனி

வேர்நுனியை நசுக்கி, செல்கள் பிரிவதைப் பார்ப்பது செல் பயாலஜியில் எல்லோருக்கும் வரும் பயிற்சி. எல்லோரும் சொதப்புவதும் இதில்தான். வெங்காயத்தின் குரோமோசோம் எண்ணிக்கை 16. எண்ணிக்கை குறைவு, குரோமோசோம்கள் பெரியவை; இதற்காகவே வெங்காயம். பெரிய வெங்காயம் வேர்விட மறுத்தால் சின்ன வெங்காயம் எடுங்கள். எண்ணிக்கை அதிலும் அதேதான்.

1. காய்ந்த பழைய வேர்களைச் சுரண்டிவிட்டு, அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொடும்படி வெங்காயத்தை டம்ளர் வாயில் உட்காரவையுங்கள். முழுதாக மூழ்கினால் அழுகும். தினமும் தண்ணீர் மாற்றினால் இரண்டு மூன்று நாளில் 2 செ.மீ. வேர் வந்துவிடும். அதைவிட நீண்டு மஞ்சளித்த வேர் பயன்படாது.

2. காலை 8 முதல் 10 மணிக்குள் வேர்நுனிகளை வெட்டி, ஆல்கஹால் 3 பங்கு, கிளேஷியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த கலவையில் போடுங்கள். இந்தக் கலவையை அன்றன்று செய்யவேண்டும். வைத்திருந்தால் இரண்டும் தமக்குள் வினைபுரிந்து எஸ்டராகிவிடும். ஒருநாள் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றினால் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் இருக்கும்.

3. தண்ணீரில் அலசி, 60 டிகிரி செல்சியஸில் உள்ள 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 முதல் 10 நிமிடம். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைவதற்காக இது. வாட்டர் பாத் இல்லையென்றால் 9 சொட்டு அசிட்டோகார்மினோடு 1 சொட்டு அமிலம் கலந்து, வாட்ச் கிளாஸில் வேரைப் போட்டு, ஸ்பிரிட் விளக்கின்மேல் ஆவி வரும்வரை காட்டி எடுக்கலாம். கொதிக்கக்கூடாது.

4. வாட்டர் பாத் வழியில் சென்றவர்கள் அமிலத்தை நன்றாக அலசிவிட்டு அசிட்டோகார்மினில் 15, 20 நிமிடம் ஊறவையுங்கள்.

5. ஸ்லைடில் வைத்துப் பாருங்கள்: நுனியில் 1, 2 மி.மீ. மட்டும் அடர்நிறமாக இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறியுங்கள். 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு, கவர் ஸ்லிப்.

6. நீடிலின் பின்பக்கத்தால் கவர் ஸ்லிப்மீது மெல்லத் தட்டுங்கள். நிறம் மேகம்போல் பரவியதும் ஃபில்டர் பேப்பரால் மூடி, கட்டைவிரலால் நேர்கீழாக ஒரே அழுத்து. பக்கவாட்டில் நகரவே கூடாது.

எங்கே தவறியது என்பதை ஸ்லைடே சொல்லும். செல்கள் பல அடுக்காகக் குவிந்து கிடந்தால் அமிலத்தில் வைத்த நேரம் போதவில்லை. வேர் தொட்டதும் கூழாகி, நிறமும் வெளிறியிருந்தால் நேரம் கூடிவிட்டது. செல்கள் நன்றாகப் பிரிந்தும் சாயம் பிடிக்கவில்லையென்றால் அமிலத்தைச் சரியாக அலசவில்லை. துருப்பிடித்த நீடிலால் சாயத்தைக் கலக்கினால் இரும்பு சிறிது சேர்ந்து நிறம் அடர்த்தியாகும் என்பது லேப் அசிஸ்டென்ட்களுக்குத் தெரிந்த பழைய வித்தை. நீண்ட செவ்வகச் செல்களாக, பிரிதலே இல்லாமல் தெரிந்தால் நுனியைவிட்டு மேலே உள்ள பகுதியை நசுக்கியிருக்கிறீர்கள். குரோமோசோம்கள் கோடுகோடாக இழுபட்டிருந்தால் கவர் ஸ்லிப் நகர்ந்துவிட்டது.

நல்ல ஸ்லைடிலும் பெரும்பாலான செல்கள் இரண்டு பிரிதல்களுக்கு இடைப்பட்ட இன்டர்ஃபேஸில்தான் இருக்கும். பிரிந்துகொண்டிருக்கும் செல்களை மொத்த செல்களால் வகுத்து நூறால் பெருக்கினால் மைட்டோடிக் இன்டெக்ஸ். தியரியில் "இன்டர்ஃபேஸ்தான் செல் சுழற்சியில் நீளமான கட்டம்" என்று ஒரு வரி வரும். ஸ்லைடில் 200 செல் எண்ணியவருக்கு அந்த வரியைப் படிக்கவேண்டிய அவசியமே இருக்காது. ஸ்லைடை முடித்த அன்று இரவே அந்த யூனிட்டைத் திறங்கள்.

கரைசல் கணக்கு

லேபில் எல்லாம் தயாராகப் பாட்டிலில் இருக்கும். ஆனால் வைவாவில் "இதை எப்படிச் செய்வாய்?" என்பார்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 12 நார்மல், 100 மி.லி. 1 நார்மல் கரைசலுக்குச் சுமார் 8.5 மி.லி. அமிலத்தைத் தண்ணீரில் மெல்ல விட்டு 100க்கு நிரப்பவேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். 95 சதவீத ஆல்கஹாலை 70 ஆக்க 70 மி.லி. எடுத்து 95 மி.லி. வரை தண்ணீர் சேர்த்தால் போதும்: வேண்டிய சதவீதம் எத்தனையோ அத்தனை மி.லி. எடு, இருக்கும் சதவீதம் எத்தனையோ அத்தனை மி.லி.க்கு நிரப்பு. எந்தச் சதவீதத்துக்கும் இது பொருந்தும். உடலியல் உப்புக்கரைசல் 0.9 சதவீதம், அதாவது 100 மி.லி.க்கு 0.9 கிராம் சோடியம் குளோரைடு.

விலங்கியல் பக்கம்

அறுப்பது போனபின் விலங்கியல் லேபில் மாதிரிகள், நிரந்தர ஸ்லைடுகள், மீன்செதில் அல்லது இறால் கால்களின் மவுண்ட், ரத்தப் பயிற்சிகள் என்று மாறிவிட்டது. ஜாடியில் உள்ள மாதிரிகளை நிறத்தை வைத்துப் படிக்காதீர்கள். ஃபார்மலினில் ஆண்டுக்கணக்கில் இருந்து எல்லாமே வெளிறிப்போயிருக்கும். ஜாடியின் மூடியையும் விரிசலையும் அடையாளம் வைத்துப் படிப்பவர்களும் உண்டு. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வரும் நாளில் ஜாடி மாறும். உடல் கண்டம் கண்டமாகப் பிரிந்திருக்கிறதா, எத்தனை இணைக் கால்கள், செதிலின் வகை, வாய் எங்கே இருக்கிறது என்று உடலமைப்பை வைத்துத் தொகுதிவரை நீங்களே இறங்கிவரப் பழகுங்கள். பெயர் மறந்தாலும் தொகுதியும் காரணமும் எழுதினால் பாதி மதிப்பெண் வந்துவிடும்.

ரத்த வகைப் பயிற்சியில் ஆன்டி-ஏ நீலம், ஆன்டி-பி மஞ்சள், ஆன்டி-டி நிறமற்றது. ஒவ்வொரு துளியையும் கலக்கத் தனித்தனிக் குச்சி. ஒரே குச்சியால் கலக்கினால் ஏ வகையும் பி வகையும் ஏபிபோலத் தெரியலாம். ஸ்லைடை ஆட்டியபடி இரண்டு நிமிடத்துக்குள் முடிவைப் படியுங்கள். அதற்குமேல் ஓரம் காய்ந்து திரிந்ததுபோலத் தெரியும். லான்செட் ஒருவருக்கு ஒன்று, ஒரேயொரு முறை. பயன்படுத்தியதை மேசையில் போடக்கூடாது. அதற்கான தடித்த டப்பாவில் போடுங்கள்.

வெள்ளையணு எண்ணிக்கையில், ரத்த அணுக்களை எண்ணும் கண்ணாடித் தட்டின் நான்கு மூலைச் சதுரங்களில் எண்ணியதை 50ஆல் பெருக்கு என்று சொல்லித்தருவார்கள். அந்த 50 எங்கிருந்து வருகிறது? ரத்தம் 20 மடங்கு நீர்த்திருக்கிறது. நான்கு சதுரங்களின் கன அளவு 0.4 கன மி.மீ.; 20ஐ 0.4ஆல் வகுத்தால் 50. ஆக 140 செல் எண்ணினால் 7,000. சிவப்பணுவுக்கு 200 மடங்கு நீர்த்தல், 0.02 கன மி.மீ., பெருக்கும் எண் 10,000. இப்படிப் புரிந்துகொண்டவர் தேர்வில் எண்ணை மறந்தாலும் இரண்டே வரியில் கண்டுபிடித்துவிடுவார்.

எதிர்பார்த்த விகிதத்தோடு கிடைத்த எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்க மரபியலில் வரும் கை-வர்க்கச் (chi-square) சோதனையும் இதே ரகம். 9:3:3:1 விகிதத்தில் 160 மணிகளில் 90, 30, 30, 10 எதிர்பார்க்கிறோம். கிடைத்தது 85, 35, 28, 12 என்று வையுங்கள். வித்தியாசத்தின் வர்க்கத்தை எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் சுமார் 1.64. நான்கு வகை என்பதால் சுதந்திர அளவு 3. அட்டவணை மதிப்பு 7.815. நமது மதிப்பு அதைவிடக் குறைவு. விகிதத்தை மறுக்கக் காரணமில்லை. எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைப் போட்டால் விடை முழுதும் தவறாகிவிடும்.

பூவைப் பிரிப்பது

செம்பருத்திதான் முதல் பூ. ஒற்றையடுக்குப் பூவாகப் பாருங்கள். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பல இதழ்களாக மாறியிருக்கும். அதைப் பிரித்து எழுதும் மலர்ச் சூத்திரம் எந்தப் புத்தகத்தோடும் ஒத்துவராது. அடுக்குச் சங்குப்பூவிலும் இதே தொல்லை. ஒரு பூவை நீளவாக்கில் பிளந்து படம் வரையுங்கள். இன்னொரு பூவின் சூலகத்தை நடுவில் குறுக்கே வெட்டி, கைலென்ஸில் அறைகளை எண்ணுங்கள். செம்பருத்தியில் ஐந்து. மலர் வரைபடம் போடுமுன் தாய்த்தண்டு எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பறித்தபின் யாராலும் சொல்லமுடியாது.

குடும்பப் பெயரில் ஒரு எச்சரிக்கை. பல பாடத்திட்டங்கள் இன்னும் 1862-1883இல் வெளிவந்த பெந்தம்-ஹூக்கர் முறையைப் பின்பற்றுகின்றன. இணையத்தில் தேடினால் டி.என்.ஏ. ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்ட புதிய ஏ.பி.ஜி. முறை வரும். எருக்கு பழைய முறையில் அஸ்க்ளெபியடேசி, புதிய முறையில் அப்போசைனேசி. கேள்வித்தாள் எந்த முறையோ அந்த முறைப்படி எழுதுங்கள். இரண்டையும் கலந்தால்தான் வம்பு.

படமும் ரெக்கார்டும்

வகுப்பில் அப்சர்வேஷன் நோட்டில் ஸ்லைடைப் பார்த்து வரையுங்கள். வீட்டில் அதைப் பார்த்து ரெக்கார்டில் ஏற்றுங்கள். பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து ரெக்கார்டு வரைவது நேரம் மிச்சம்போலத் தோன்றும், ஆனால் நீங்கள் பார்த்ததற்கும் வரைந்ததற்கும் தொடர்பே இல்லாமல் போய்விடும். பென்சில் கோடு ஒற்றையாக, அறுபடாமல் இருக்கட்டும். நிழலடிக்கக் கூடாது, அடர்த்தியைப் புள்ளிகளால் காட்டுங்கள். லேபிள் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல், முடிந்தவரை வலதுபக்கமாக, கிடையாக. கீழே உருப்பெருக்கம். செக்‌ஷனில் எல்லாச் செல்லையும் வரையவேண்டாம். திசு எல்லைகளைக் காட்டும் முழு வரைபடம் ஒன்று, ஒரு துண்டுக்கு மட்டும் செல் விவரம் ஒன்று.

அறிவியல் பெயரில் பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரியது. கையால் எழுதும்போது பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் தனித்தனியாக அடிக்கோடு. இரண்டையும் ஒரே கோட்டில் இழுத்தால் மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்வது சரிதான்.

ரெக்கார்டை வாராவாரம் கையெழுத்து வாங்குங்கள். கடைசி வாரத்தில் மொத்தமாக ஹெச்.ஓ.டி. அறை வாசலில் நிற்பவர்களின் ரெக்கார்டில் சான்றிதழ்ப் பக்கம் நிரம்பியிருக்காது; அது இல்லாமல் பிராக்டிகல் தேர்வுக்குள் விடமாட்டார்கள்.

தியரி

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் சொற்களைப் பார்த்து மிரளவேண்டாம். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தையும் அதே பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தையும் அருகருகே வைத்து முதல் இரண்டு மாதம் படியுங்கள். இரண்டும் இலவச பி.டி.எஃப்.ஆகக் கிடைக்கின்றன, பத்திக்குப் பத்தி பெரும்பாலும் ஒத்திருக்கும். அதன்பிறகு கல்லூரி நூல்களுக்குப் போகலாம்.

படித்த மறுநாள் புத்தகத்தை மூடிவைத்து, வெள்ளைத்தாளில் அந்தப் பாடத்தின் படத்தை மட்டும் நினைவிலிருந்து வரையுங்கள். லேபிள் எங்கே நின்றுபோகிறதோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும். ஒருவாரம் கழித்து மறுபடியும் அதையே. பத்து மதிப்பெண் விடைக்குப் படம் இல்லாமல் மூன்று பக்கம் எழுதுவதைவிட, முழு லேபிளோடு ஒரு படமும் ஒன்றரைப் பக்கமும் மேல்.

ஸ்பாட்டர்

அடையாளம் கண்டு எழுதச் சொல்லி மேசைதோறும் வைக்கும் மாதிரிதான் ஸ்பாட்டர். மணி அடித்தால் அடுத்த ஸ்பாட்டருக்கு நகரவேண்டும். ஒன்றுக்குச் சில நிமிடம்தான். பெயரை யோசித்தபடி நேரத்தை விடாதீர்கள்; முதலில் பார்த்ததை வரைந்து லேபிள் போடுங்கள், பிறகு அடையாளக் காரணங்கள் இரண்டு மூன்று, கடைசியில் பெயர். வரையும்போதே பெயர் பாதி நேரம் வந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் வைத்த ஸ்பாட்டரில் ஸ்லைடையும் பெரிய திருகையும் தொடாதீர்கள். கலங்கலாக இருந்தால் சிறிய திருகு மட்டும்; அதற்கும் சரியாகவில்லையென்றால் கை தூக்கி ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.

ஹெர்பேரியமும் சுற்றுலாவும்

ஹெர்பேரியம் என்பது அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிய செடிகளின் தொகுப்பு. அதன் தாள் சுமார் 42க்கு 29 செ.மீ. பூவோ காயோ இல்லாத கிளையைச் சேகரித்துப் பயனில்லை. பழைய செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, ஒரு இலையையாவது திருப்பி அடிப்புறம் தெரியும்படி வைத்து அழுத்துங்கள். முதல் நான்கைந்து நாள் தினமும் தாள் மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் இலை கறுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சையே பிடித்துவிடும். வலதுகீழ் மூலையில் லேபிள்: அறிவியல் பெயர், குடும்பம், ஊரில் வழங்கும் பெயர், இடம், தேதி, பூவின் நிறம், சேகரித்தவர். நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுதுங்கள், காய்ந்தபின் தெரியாது. பெயரில் சந்தேகம் தீர கேம்பிளும் ஃபிஷரும் எழுதிய சென்னை மாகாணத் தாவரத் தொகுதி (1915-1936) நூலகத்தில் இருக்கும். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் மதராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. துறை வழியாகக் கடிதத்தோடு போனால் நல்ல தாள் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்கலாம்.

விலங்கியல் மாணவர்களைப் பெரும்பாலும் மண்டபத்துக்கோ பிச்சாவரத்துக்கோ வேடந்தாங்கலுக்கோ அழைத்துப்போவார்கள். மன்னார் வளைகுடாக் கரையில் கிடக்கிறதே என்று பவளத்துண்டு, கடல் அட்டை, கடல்குதிரை எதையும் பையில் போடாதீர்கள். இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும் எடுத்துவைத்திருப்பது குற்றம். சில வகைச் சங்குகளும் பாதுகாக்கப்பட்டவை. பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, அலை ஏறும் எல்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிடந்தது, மணலா பாறையா, என்ன நேரம் என்று நோட்டில் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். சுற்றுலா அறிக்கைக்கு அந்தக் குறிப்பு போதும்.